ஃப்ளோட்டிலிருந்து குறியற்ற முழு எண்ணுக்கு: எந்தச் சோதனையை நம்புவது?

சி மொழியில் −1.0 என்ற டபுளை, அதாவது 64 பிட் ஃப்ளோட்டை (பின்னப் பகுதியும் வைத்துக்கொள்ளும் எண்ணை), 32 பிட் குறியற்ற முழு எண்ணாக, அதாவது எதிர்மறைக்கு இடமில்லாத முழு எண்ணாக, மாற்றும் ஒரு வரியை எழுதிப் பாருங்கள். கம்பைலர் விடையை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துவிடாதபடி, அந்த எண்ணை நிரல் ஓடும்போது வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். 64 பிட் எக்ஸ்86 கணினியில் பெரும்பாலும் 4294967295 என்று வரும். ஆர்ம்64 கணினியில் 0 வரும். இரண்டு கம்பைலரும் தவறு செய்யவில்லை.

எக்ஸ்86 செயலிகளில் ஏவிஎக்ஸ்-512 என்ற பிற்காலக் கட்டளைத் தொகுப்பு வரும்வரை குறியற்ற மாற்றத்துக்கென்று தனிக் கட்டளையே கிடையாது. ஆகவே கம்பைலர் அந்த எண்ணை 64 பிட் குறியுள்ள எண்ணாக மாற்றிவிட்டு, கீழ் 32 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. −1-இன் கீழ் 32 பிட்டும் ஒன்றுகளே, அதுதான் 4294967295. ஆர்ம்64-இல் தனிக் கட்டளை உண்டு. எண் எல்லைக்குக் கீழே போனால் அது 0-விலும், மேலே போனால் உச்ச எண்ணிலும் நின்றுவிடும். 2³²-ஐக் கொடுத்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்: எக்ஸ்86 பூஜ்யம் தரும், ஆர்ம் 4294967295 தரும்.

ஒரு சின்ன மொழியின் ரன்டைமுக்கு (நிரல் ஓடும்போது அதற்குத் துணைநிற்கும் பகுதிக்கு) இந்த மாற்றத்தை எழுதிச் சோதிக்கும் வேலை என்னிடம் வந்தபோது, எழுதுவதைவிடச் சோதிப்பதற்கு ஆன நாட்களே அதிகம். சோதிக்க ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகைப் பிழையை அழகாகப் பிடிக்கும், இன்னொரு வகையைக் கண்ணெதிரே தப்பவிடும். எதற்கு எவ்வளவு நேரம் செலவிடலாம் என்று ஒப்பிட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இனி 32 பிட் குறியற்ற முழு எண்ணை யு32 என்றும், 64 பிட்டை யு64 என்றும் சுருக்கிச் சொல்கிறேன்.

சட்டம் இல்லாமல் தீர்ப்பு இல்லை

சோதனை வழியைத் தேர்ந்தெடுக்கும் முன், எல்லை தாண்டிய எண்ணுக்கு என்ன விடை என்று மொழி சொல்லியிருக்க வேண்டும். பல அணிகள் இதைத் தள்ளிப்போடுகின்றன. பிறகு சோதனை எழுதுபவரே சட்டமும் எழுத வேண்டியதாகிறது.

சி மொழியின் விதி இது: பின்னப் பகுதியை வெட்டிவிடு, மிச்சம் அந்த வகைக்குள் அடங்கவில்லை என்றால் நடத்தை வரையறுக்கப்படாதது, அதாவது என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். முழு எண்ணைக் குறியற்ற முழு எண்ணாக மாற்றும்போது சுற்றிவருவதற்கு (உச்சத்தைத் தாண்டினால் மீண்டும் 0-விலிருந்து தொடர்வதற்கு) உத்தரவாதம் உண்டு, ஃப்ளோட்டிலிருந்து மாற்றும்போது கிடையாது. ஜாவாஸ்கிரிப்டின் 32 பிட் செயல்கள் 2³²-ஆல் வகுத்த மீதியை எடுக்கும். நேன் (எண்ணே அல்லாத விடையைக் குறிக்கும் ஃப்ளோட் மதிப்பு), முடிவிலி இரண்டுக்கும் 0. ரஸ்ட் 1.45 பதிப்பிலிருந்து, அதாவது 2020-இலிருந்து, விடையை எல்லை எண்ணிலேயே நிறுத்துகிறது, நேனுக்கு 0 தருகிறது. அதற்கு முன்பு அங்கேயும் இது வரையறுக்கப்படாத நடத்தையாகத்தான் இருந்தது. ஸ்விஃப்ட் நிரலையே நிறுத்திவிடும். கோ மொழியில், எண் அடங்காவிட்டால் விடை அந்தந்தச் செயலாக்கத்தைப் பொறுத்தது. வெப்அசெம்ப்ளியில் இரண்டுமே உண்டு: முதலில் ட்ராப் ஆகும், அதாவது நிரலின் ஓட்டத்தையே முறித்துவிடும், கட்டளைகள் வந்தன, எல்லையில் நிற்கும் வகை பிறகு சேர்ந்தது. டாட்நெட் 9-இல் எக்ஸ்86-க்கும் எல்லையில் நிறுத்தும் முறைக்கு மாறினார்கள்.

ஃப்ளோட் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும் என்று நானும் நம்பினேன். எண் அடங்காதபோது செல்லாத செயல் என்ற கொடியை (பிழை நடந்ததைக் குறித்துவைக்கும் பிட்டை) உயர்த்தச் சொல்கிறது, அவ்வளவுதான். கையில் எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

நாங்கள் எடுத்த முடிவு: எல்லையில் நிறுத்து, நேனுக்கு 0. இனி வரும் ஒப்பீடு எல்லாம் இந்தச் சட்டத்தை வைத்துத்தான். ட்ராப் ஆகும் மொழி என்றால் ஒரு நுணுக்கம் கூடுதலாகச் சேரும்: −0.75 செல்லுபடியாகும் உள்ளீடு, ஏனென்றால் பின்னத்தை வெட்டியபின் மிஞ்சுவது 0. எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் ட்ராப் செய் என்று எழுதினால் தப்பு. −1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ட்ராப் செய் என்று எழுத வேண்டும். எல்லையில் நிறுத்தும் மொழியில் இரண்டு சரிபார்ப்புக்கும் விடை 0-தான் என்பதால் அந்தப் பிழைக்கு இடமே இல்லை. எங்கள் முடிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கெல்லாம் உடையும்

எந்தச் சோதனை நல்லது என்று பொதுவாகப் பேசினால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். ஆகவே, ரன்டைமில் வேண்டுமென்றே சில பிழைகளை நுழைத்து, எந்த வழி எதைப் பிடிக்கிறது என்று பார்த்தேன். நுழைத்தவை கற்பனைப் பிழைகள் இல்லை, எல்லாமே கை தவறி எழுதக்கூடியவை.

முதலாவது, மேல் எல்லைச் சரிபார்ப்பு. யு64-இன் உச்சம் 18446744073709551615. இதை டபுளாக மாற்றி, உள்ளே வரும் எண் அதைவிடச் சின்னதா அல்லது சமமா என்று பார்க்கத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் டபுளுக்கு 53 பிட் துல்லியம்தான். உச்ச எண் அதில் அடங்காமல் மேலே உருண்டு 2⁶⁴ ஆகிவிடும். அதனால் 2⁶⁴ என்ற அந்த ஒரே ஒரு டபுள் சரிபார்ப்பைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். எக்ஸ்86-இல் அதற்கு வரும் விடை 0. உலகத்தில் உள்ள அத்தனை டபுள்களிலும் இந்தப் பிழை தெரிவது ஒன்றே ஒன்றில்தான்.

இரண்டாவது அதற்கு நேர் எதிர். மேல் எல்லையை ஒழுங்காக 2⁶⁴-க்குக் கீழே உள்ள மிகப் பெரிய டபுளாக, அதாவது 18446744073709549568 ஆக வைத்து, பெரிய எண்களை அதிலேயே நிறுத்தி, பிறகு மாற்றுவது. ஆபத்தில்லாதது போலத் தெரியும். ஆனால் இப்போது எந்த உள்ளீட்டுக்கும் உச்ச விடை வராது. 2047 குறைவாகவே நிற்கும். 32 பிட் ஃப்ளோட்டிலிருந்து யு32-க்கு இதையே செய்தால் 4294967295 வர வேண்டிய இடத்தில் 4294967040 வரும்.

மூன்றாவது நேன். எதிர்மறை எண்ணை 0-இல் நிறுத்த, இரண்டில் பெரியதைத் தேர்வு செய்யும் எக்ஸ்86 கட்டளையைப் பயன்படுத்தலாம். அதன் உள்ளீடுகளில் ஒன்று நேனாக இருந்தால், அது இரண்டாவது உள்ளீட்டை அப்படியே திருப்பித் தரும். பூஜ்யத்தை எந்தப் பக்கம் வைத்தோம் என்பதைப் பொறுத்து நேன் 0 ஆகும், அல்லது நேனாகவே தப்பிப் போகும்.

நான்காவது, வெட்டுவதற்குப் பதில் உருட்டுவது. எக்ஸ்86-இல் பின்னத்தை வெட்டும் கட்டளைக்கும், அருகிலுள்ள முழு எண்ணுக்கு உருட்டும் கட்டளைக்கும் பெயரில் ஒரே ஒரு டி-தான் வித்தியாசம். வெட்டும் கட்டளையில் இரண்டு டி. கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஐந்தாவது, வழியில் எங்கோ டபுள் ஒரு 32 பிட் ஃப்ளோட்டாகச் சுருங்கி மீண்டும் விரிவது. 16777217 போய் 16777216 ஆகித் திரும்பும்.

கை அட்டவணை

யோசித்துத் தேர்ந்தெடுத்த முப்பது நாற்பது எண்கள், எதிரே விடைகள். பழைய முறை, ஆனால் செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 2⁶⁴ அட்டவணையில் இருந்தால் முதல் பிழை உடனே அகப்படும். நேன் இருந்தால் மூன்றாவது. 16777217 இருந்தால் ஐந்தாவது.

இருந்தால் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பார்த்த பல அட்டவணைகளில் முழு எண்கள் மட்டுமே இருக்கும்: 0, 1, 2³¹, 2³² கழித்தல் 1, 2⁶³. நான்காவது பிழை அங்கே ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் முழு எண்ணை உருட்டினாலும் வெட்டினாலும் ஒன்றுதான். 0.5-ஐ மட்டும் சேர்த்தால் போதாது. அருகிலுள்ள இரட்டைப்படைக்கு உருட்டும் வழக்கத்தில் 0.5 பூஜ்யமாகத்தான் போகும், அதாவது வெட்டியது போலவே தெரியும். 0.75, 1.5, 4294967295.5 போன்றவை வேண்டும். கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்தமான எண். வெட்டினால் சரியாக யு32-இன் உச்சம், உருட்டினால் எல்லை தாண்டிவிடும்.

2⁶³-இன் இருபுறமும் கட்டாயம் வேண்டும். எக்ஸ்86-இல் யு64 மாற்றம் அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது: எண் 2⁶³-க்குக் கீழே என்றால் குறியுள்ள மாற்றம் நேராக நடக்கும், இல்லையென்றால் 2⁶³-ஐக் கழித்து, மாற்றி, உச்ச பிட்டைத் திருப்பிப் போட வேண்டும். இந்த இடத்தில் நேன் செய்யும் விளையாட்டு வேடிக்கையானது. ஒப்பீட்டை சின்னதா என்று எழுதினால் நேனுக்கு இல்லை என்ற பதில் வந்து, கழிக்கும் பாதையில் போய், கடைசியில் 0 கிடைக்கும். அதே ஒப்பீட்டைப் பெரியதா அல்லது சமமா என்று திருப்பி எழுதினால் நேன் நேர்ப்பாதையில் போய் 9223372036854775808 ஆக வெளியே வரும். தர்க்கப்படி இரண்டும் ஒரே நிரல், நேனைத் தவிர.

அட்டவணையை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பெரிய எண்களைத் தசமத்தில் எழுதினால், அதைப் படித்து டபுளாக்கும் பகுதியையும் சேர்த்தே சோதிக்கிறோம். அங்கே ஒரு பிழை இருந்தால் பழி மாற்றத்தின் மேல் விழும். பிட் வடிவத்தையே 64 பிட் முழு எண்ணாக அட்டவணையில் வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. படிக்கச் சிரமம்தான், பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொள்ளலாம்.

ராண்டம்: நம்பிக்கை தரும், பலன் தராது

ஒரு கோடி ராண்டம் எண்களில் சோதித்தோம் என்று சொன்னால் கேட்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

64 ராண்டம் பிட்டுகளை எடுத்து டபுளாகப் படித்தால், அடுக்குப் பகுதியின் (எண்ணின் அளவை 2-இன் அடுக்காகச் சொல்லும் பிட்டுகளின்) 2048 மதிப்புகளும் சம வாய்ப்பில் வரும். 1-க்கும் 2⁶⁴-க்கும் இடைப்பட்ட எண்ணுக்கான அடுக்குகள் 64. குறி பாதி நேரம் எதிராக இருக்கும். ஆக, உண்மையில் மாற்றம் என்று ஒன்று நடக்க வேண்டிய எண்கள் 64-க்கு ஒன்றுதான். மிச்சத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விடை 0, அல்லது உச்ச எண். 1-க்குக் கீழே என்றால் 0, இல்லையென்றால் உச்சம் என்று இரண்டே வரியில் ஒரு போலி மாற்றத்தை எழுதினால், அது இந்தச் சோதனைகளில் சுமார் 98 சதவீதத்தில் தேறிவிடும்.

சரி, அடுக்கை விட்டுவிட்டு 0-க்கும் 2⁶⁴-க்கும் நடுவே சீராக எண்களை எடுத்தால்? இப்போது எதிர்ப்பக்கம் சாய்கிறது. பாதி எண்கள் 2⁶³-க்கு மேலே. பின்னப் பகுதி இருக்க வேண்டுமானால் டபுள் 2⁵²-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கான வாய்ப்பு 4096-இல் ஒன்று. பத்தாயிரம் சோதனையில் இரண்டோ மூன்றோ பின்ன எண்கள் வரும். நான்காவது பிழை, அந்த டி போன பிழை, நிம்மதியாகத் தூங்கலாம்.

இரண்டு முறையிலும் 2⁶⁴ என்ற அந்த ஒற்றை எண் வரப்போவதே இல்லை. சீரான எடுப்பில் அது எல்லைக்கு வெளியே. பிட் எடுப்பில் அதற்கான வாய்ப்பு 2⁶⁴-இல் ஒன்று.

ராண்டமைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அடுக்கை −2-இலிருந்து 65 வரை மட்டும் சமமாக எடுங்கள். மான்டிசாவை (குறியும் அடுக்கும் போக மிஞ்சும், எண்ணின் இலக்கங்களைச் சொல்லும் பிட்டுகளை) நான்கு விதமாக மாற்றி மாற்றி எடுங்கள்: எல்லாம் பூஜ்யம், எல்லாம் ஒன்று, ஒரே ஒரு பிட் மட்டும் ஒன்று, அப்புறம் முழு ராண்டம். இப்படிச் செய்தால் 2⁶⁴ சில நூறு சோதனைகளுக்கு ஒரு முறை தானாகவே வந்துவிடும். ஐந்து பிழைகளில் நேனைத் தவிர நான்கும் சில நொடிகளில் அகப்படும். நேனுக்கு அடுக்கு 1024-ஐத் தனியாகச் சேர்க்க வேண்டும். இதை இன்னும் ராண்டம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். நடுவில் யோசனை நிறையப் புகுந்துவிட்டது.

போய்த் திரும்பி வருவதைச் சோதிப்பவர்களும் உண்டு: முழு எண்ணை டபுளாக்கி, மீண்டும் முழு எண்ணாக்கி, அதே எண்தானா என்று பார்ப்பது. 2⁵³ வரை மட்டுமே இது எல்லா எண்ணுக்கும் பொருந்தும். பின்ன எண் ஒன்றுகூட உள்ளே வராது. போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி தவறினால் இரண்டும் கழிந்துபோகும். எழுத எளிது என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு நன்மை தெரியவில்லை.

ஃப்ளோட் அத்தனையையும் சோதிப்பது

32 பிட் ஃப்ளோட்டுக்கு ராண்டமே தேவையில்லை. மொத்தம் இருப்பதே 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 பிட் வடிவங்கள். ஒன்றுக்கு ஒரு நானோ நொடி என்றால் நான்கரை நொடிக்குள் முடிந்துவிடும். விடை சரியா என்று சொல்லும் நடுவர் நிரலுக்கும் சேர்த்து பத்து நானோ நொடி என்று வைத்தாலும் முக்கால் நிமிடம். யு8, யு16, யு32, யு64 என்று நான்கு இலக்குகளுக்கும் ஓட்டினாலும் தேநீர் ஆறுவதற்குள் முடியும்.

முழுச் சோதனை முடிந்தபின் வரும் நிம்மதி தனி. அந்தக் கணினியில், அந்தப் பாதையில், அந்தக் கேள்விக்கு இனி சந்தேகமே இல்லை. டபுளுக்கு இதைக் கனவு காணாதீர்கள்: நொடிக்கு நூறு கோடி என்று ஓட்டினாலும் 584 ஆண்டுகள் ஆகும்.

ஃப்ளோட் முழுவதும் தேறியதால் டபுளும் கிட்டத்தட்டத் தேறியது போலத்தான் என்று ஒரு வாதம் வரும். ஒவ்வொரு ஃப்ளோட்டும் ஒரு டபுள் என்பது உண்மை. 2³², 2⁶³, 2⁶⁴ எல்லாம் ஃப்ளோட்டிலேயே இருக்கின்றன, ஆகவே முதல் பிழையை இது கண்டிப்பாகப் பிடிக்கும். ஆனால் ஃப்ளோட்டிலிருந்து விரிந்த டபுளில் மான்டிசாவின் கீழ் 29 பிட்டுகள் எப்போதும் பூஜ்யம். ஐந்தாவது பிழை, டபுள் வழியில் சுருங்குவது, இந்தச் சோதனையில் கோட்பாட்டளவிலேயே தெரியாது. 2⁶⁴-க்குச் சற்றுக் கீழே உள்ள டபுளும் வராது. ஃப்ளோட்டில் 2⁶⁴-க்கு அடுத்த கீழ் எண் 2⁴⁰ தள்ளி இருக்கிறது. எனவே ஃப்ளோட்டுக்கு இது கடைசி வார்த்தை, டபுளுக்கு ஒரு நல்ல ஆரம்பம்.

16 பிட் அரைத் துல்லிய ஃப்ளோட்டுக்கு 65536 வடிவங்கள்தான்; கேள்வியே இல்லை. அதன் மிகப் பெரிய எண் 65504 என்பதால் யு16-இல்கூட முடிவிலியைத் தவிர வேறெதுவும் மேலே தாண்டாது.

நடுவர் யார்?

இதுவரை உள்ளீடுகளைப் பற்றியே பேசினேன். அட்டவணையில் விடை கூடவே இருக்கிறது. மற்ற வழிகளில் கோடிக்கணக்கான விடைகளைச் சரி என்று சொல்ல யாராவது வேண்டும். எனக்கு மிக அதிக நேரம் போனது இங்கேதான்.

முதலில் தோன்றுவது, இன்னொரு கணினியையோ கம்பைலரையோ நடுவராக வைப்பது. எல்லைக்குள் இருக்கும் எண்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். எல்லைக்கு வெளியே, முதல் பத்தியில் பார்த்தபடி, இருவரும் சண்டை போடுவார்கள், இருவருமே சரியாகவும் இருப்பார்கள். ரிஸ்க்-ஃபைவ் செயலியைச் சேர்த்தால் நேனுக்கு மூன்றாவது கருத்து வரும்: அங்கே நேனுக்கு உச்ச எண். ஏவிஎக்ஸ்-512 கட்டளையோ எல்லை தாண்டிய எதற்கும், −1.0-க்கும்கூட, எல்லாப் பிட்டும் ஒன்றான எண்ணைத் தரும். வித்தியாசங்களின் பட்டியல் கிடைக்கும். அதில் எது பிழை என்று நீங்கள்தான் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்து, சி-யிலேயே ஒரு நடுவரை எழுதுவது. எச்சரிக்கை: நடுவருக்குள்ளே வெறும் வகைமாற்றத்தை எழுதிவிட்டால் எல்லை தாண்டிய எண்ணில் நடுவரே வரையறுக்கப்படாத நடத்தைக்குள் போய்விடுவார். நான் முதலில் எழுதியது அப்படித்தான். கம்பைலரின் உகப்பாக்கத்தை (நிரலை வேகமாக்கும் வேலையை) அணைத்து ஓட்டினால் எல்லாம் சரி, இயக்கினால் வேறு விடை. பிழை ரன்டைமில் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தோண்டினேன். ஜிசிசி கம்பைலரில் இதைப் பிடிக்க ஒரு சானிடைசர் (நிரல் ஓடும்போதே பிழையைக் காட்டும் வசதி) இருக்கிறது, ஆனால் வரையறுக்கப்படாத நடத்தைக்கான பொதுச் சானிடைசரைப் போட்டால் அது கூடவே வராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஜான் ஹவுசரின் பெர்க்லி சாஃப்ட்ஃப்ளோட் நூலகமும் அதோடு வரும் டெஸ்ட்ஃப்ளோட் கருவியும். முழு எண் கணக்கிலேயே எல்லாவற்றையும் செய்வதால் வன்பொருளின் குணம் இதில் கலக்காது. உருட்டும் முறைகள், உயரும் கொடிகள் எல்லாவற்றையும் சரிபார்க்கும். ரன்டைமில் மென்பொருள் ஃப்ளோட் பகுதி இருந்தால் இதைவிட நல்ல நடுவர் கிடைப்பது அரிது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்லை தாண்டினால் என்ன எண் என்பதை இந்த நூலகம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வன்பொருள் குடும்பத்தின்படி வைத்திருக்கிறது. எக்ஸ்86-க்கு ஒன்று, ஆர்முக்கு ஒன்று, ரிஸ்க்-ஃபைவுக்கு ஒன்று. உங்கள் மொழியின் சட்டம் அதில் இல்லை; அதை நீங்கள்தான் மேலே ஒட்ட வேண்டும்.

நான் கடைசியில் வைத்துக்கொண்டது நான்காவது வழி. பிட் வடிவத்திலிருந்து மான்டிசாவையும் அடுக்கையும் பிரித்து, மான்டிசாவைத் தேவையான அளவு இடமோ வலமோ நகர்த்தி, கடைசியில் எல்லையில் நிறுத்துவது. முழுக்க முழு எண் கணக்கு, இருபது வரிக்குள் அடங்கும், ஒரு ஃப்ளோட் கட்டளைகூட இல்லை. இந்த நடுவர் சரியா என்று பார்க்க பைதானை வைத்துக்கொண்டேன். பைதானில் டபுளை முழு எண்ணாக்கினால் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் துல்லியமான விடை வரும், ஏனென்றால் அதன் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை. வேகம் குறைவு, சில லட்சம் எண்களில் நடுவரை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள அது போதும்.

நிரூபிப்பது என்ற வழியும் உண்டு. ஃப்ளோட் கணக்கைப் புரிந்துகொள்ளும் எஸ்எம்டி தீர்வான்களிடம் (ஒரு கூற்று எல்லா மதிப்புக்கும் பொருந்துமா என்று தர்க்கத்தால் கண்டுபிடிக்கும் நிரல்களிடம்) 2⁶³-ஐக் கழிக்கும் அந்தச் சின்னப் பாதையைக் கொடுத்து, எல்லா டபுளுக்கும் சரியா என்று கேட்கலாம். நான்கைந்து கட்டளைகளுக்கு இது அருமை. ஆனால் நீங்கள் நிரூபிப்பது தாளில் எழுதிய பாதையை. கம்பைலர் வெளியிட்ட கட்டளைகளில் டி விழுந்துபோயிருந்தால் நிரூபணத்துக்கு அது தெரியாது. தனி ஒருவராக ஒரு சின்ன மொழியைப் பராமரிப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சோதிப்பது உண்மையிலேயே ரன்டைமைத்தானா?

உள்ளீடும் நடுவரும் சரியாக அமைந்தபின்னும் ஒரு கண்ணி இருக்கிறது. −1.0-ஐ யு32-க்கு மாற்று என்று சோதனை நிரலில் நேராக எழுதினால், கம்பைலரே விடையைக் கணக்கிட்டு எண்ணாக வைத்துவிடும். ரன்டைமின் மாற்றும் பகுதி ஓடவே ஓடாது. சோதனை பச்சையாக இருக்கும், ரன்டைம் உடைந்தே இருக்கும். ஆகவே ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை அனுப்புகிறேன்: மாறிலியாக ஒரு முறை, கம்பைலரால் ஊகிக்க முடியாதபடி நினைவகத்திலிருந்து படித்து ஒரு முறை. இரண்டு விடையும் ஒன்றாக இருக்க வேண்டும், நடுவரோடும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் மொழியில் நான் கண்ட முதல் உண்மையான பிழை இங்கேதான் இருந்தது: கம்பைலர் நேனை 0 ஆக்கியது, ரன்டைம் ஆக்கவில்லை.

வரிசைகள் இன்னொரு இடம். ஒரு வரிசை முழுவதையும் மாற்றும் சுழற்சியை கம்பைலர் வெக்டர் கட்டளைகளாக்கும்; எட்டு எட்டாக மாற்றிவிட்டு, வாலில் மிஞ்சிய சிலவற்றைத் தனித்தனியாக மாற்றும். அவை இரண்டு வேறு பாதைகள். ஒரே நேன் வரிசையின் மூன்றாம் இடத்தில் ஒரு விடையும், கடைசி இடத்தில் வேறு விடையும் தரலாம். நீளம் 1 முதல் 17 வரை உள்ள வரிசைகளில், ஒவ்வோர் இடத்திலும் அட்டவணை எண்களை வைத்துப் பார்ப்பது சில வரி வேலைதான்.

யு8, யு16 மாற்றங்களையும் விட்டுவிடக் கூடாது. இவற்றுக்குத் தனிக் கட்டளை ஆர்ம்64-இலும் கிடையாது. 32 பிட்டாக மாற்றி வெட்டுவதுதான் வழக்கம். எல்லையில் நிறுத்துவதை மறந்தால் 300.7 இரண்டு கணினியிலும் ஒற்றுமையாக 44 ஆகும். இன்னொரு கணினியை நடுவராக வைத்திருந்தால் இந்த ஒற்றுமையைப் பார்த்து ஏமாந்துபோயிருப்பேன்.

உருட்டும் முறையை நிரல் மாற்றி வைத்திருந்தாலும் இந்த மாற்றம் வெட்டத்தான் வேண்டும். எக்ஸ்86-இன் பழைய ஃப்ளோட் கட்டளைகளான எக்ஸ்87 பாதையில் இது பெரிய தலைவலி. பிறகு வந்த எஸ்எஸ்இ கட்டளைகளில் வெட்டும் கட்டளை உருட்டும் முறையைப் பார்ப்பதே இல்லை, எனவே அட்டவணையை மட்டும் நான்கு முறைகளிலும் ஒரு தடவை ஓட்டிவிட்டு நகர்ந்தேன்.

நான் எடுத்த முடிவு

ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரலில் சேரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும்): பிட் வடிவில் எழுதிய கை அட்டவணை, மாறிலியாகவும் மாறியாகவும், நான்கு இலக்குகளுக்கும், வரிசை நீளங்களோடு. ஒரு நொடிக்குள் முடியும். ஒரே ஒரு வழிதான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், இதை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுவேன்.

இரவு நேர ஓட்டத்தில்: 32 பிட் ஃப்ளோட் முழுவதும், நகர்த்தல் நடுவரோடு, அப்புறம் அடுக்குவாரியாக எடுத்த டபுள்கள் பத்துக் கோடி. எக்ஸ்86, ஆர்ம்64 இரண்டிலும். வெறும் பிட் ராண்டம் சோதனையைத் தூக்கிவிட்டேன். போய்த் திரும்பும் சோதனையையும்தான்.

சாஃப்ட்ஃப்ளோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ரன்டைம் ஃப்ளோட் வன்பொருள் இல்லாத கணினியில் ஓடுவதில்லை. கொடிகளையும் மொழி வெளியே காட்டுவதில்லை. இந்த இரண்டில் ஒன்று மாறினாலும் அதைத்தான் முதலில் சேர்ப்பேன். கிளையில்லாமல் இரண்டு பாதையையும் கணக்கிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிரல், விடையைச் சரியாகத் தந்துவிட்டு, தேவையில்லாத கொடியை மட்டும் உயர்த்திவிடும். நகர்த்தல் நடுவருக்கு அது தெரியவே தெரியாது.

ஏவிஎக்ஸ்-512 உள்ள கணினி இன்னும் எங்கள் சோதனை வரிசையில் சேரவில்லை. அது வரும்வரை அந்தக் கட்டளைகளை கம்பைலரில் அணைத்தே வைத்திருக்கிறேன்.